முழத்துக்கு ஓர் அங்குலம்: வெள்வேல மரத்தில் ஆசரிப்புக் கூடாரம்

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக எங்கள் சபையில், மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனுக்கென்று அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம். அட்டையும் தங்கக் காகிதமும் வைத்துச் செய்த மாதிரிகள் பல சபைகளில் உண்டு. நாங்கள் மரம், உலோகம், துணி, தோல் என்று வேதத்தில் சொல்லியிருக்கிற பொருளுக்கு முடிந்தவரை கிட்டத்தில் போகப் பார்த்தோம். காங்கயம், திருப்பூர், சென்னிமலை, ஈரோடு வட்டாரத்துக்குள்ளேயே ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டது. வேறு சபையில் யாராவது செய்ய நினைத்தால் உதவட்டும் என்று அளவுகளையும் செய்த முறையையும் எழுதி வைக்கிறேன். எனக்குத் தொழில் லேத் பட்டறை. மரவேலைக்கு ஆசாரி அண்ணன் ஒருவர் கூட இருந்தார். துணி வேலை முழுக்க எங்கள் சின்னம்மா பொறுப்பு.

யாத்திராகமம் 25 முதல் 40 வரை சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பகுதிதான். ஆனால் உளியைக் கையில் எடுத்த பிறகு அதே வசனங்களை வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியைப் பொன்தகட்டால் மூடினார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டால் மனதில் ஒரு படம் வரும், அதோடு சரி. செய்கிறவன் உட்புறமுமா என்று கேட்டே ஆக வேண்டும். பெட்டி, மேஜை, விளக்கு போன்ற இந்தப் பணிமுட்டுகள் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு என்ன சொல்கின்றன என்பதில் எனக்கு இன்றைக்கு இருக்கிற தெளிவில் பெரும்பங்கு அப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து வந்தது.

அளவும் அடித்தளமும்

ஒரு முழம் சுமார் 45 செ.மீ. அதை ஓர் அங்குலமாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். நமக்கு 100 அங்குலம், 50 அங்குலம். கூடாரம் 30 நீளம், 10 அகலம், 10 உயரம். உடன்படிக்கைப் பெட்டி இரண்டரை அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். உள்ளங்கையில் அடங்கிவிடும். இதைவிடச் சின்ன அளவில் போனால் பெட்டிக்கு வளையம் மாட்ட முடியாது. பெரிதாகப் போனால் சபை மண்டபத்தில் பாதியை அடைத்துவிடும்.

கடையில் கிடைக்கிற எட்டுக்கு நாலு பிளைவுட் 96 அங்குலம், 48 அங்குலம்தான். பிராகாரம் அதற்குள் அடங்காது. அதனால் அடித்தளத்தை இரண்டு துண்டாகச் செய்து, அகலவாட்டில் இருபுறமும் மூன்று அங்குல மரச்சட்டம் கோத்து 54 அங்குலமாக்கினோம். குட்டியானை வண்டியில் ஏற்றுவதற்கும் இந்த அளவு சரியாக இருக்கிறது. இரண்டு துண்டும் சேருமிடத்தைச் சரிபாதியில் வைக்காதீர்கள். பிராகாரத் தூண்கள் ஐந்து முழத்துக்கு ஒன்று. நடுவில் வெட்டினால் வெட்டு ஒரு தூண் மேலேயே வந்து விழும். இரண்டரை அங்குலம் தள்ளி வெட்டினால் இரண்டு தூணுக்கு நடுவே போகும்.

தூண் கணக்கு பலரைக் குழப்புகிறது. தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 10, கிழக்கே வாசலோடு சேர்த்து 10 என்று வேதம் சொல்கிறது. மூலைத் தூணை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? சுற்றளவு மொத்தம் 300 முழம். ஒரு மூலையில் தொடங்கி ஐந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுக்கொண்டே சுற்றி வந்தால் சரியாக 60 துளை. ஒவ்வொரு மூலைத் தூணையும் அடுத்து வரும் பக்கத்தின் முதல் தூணாக எண்ணினால் 20, 20, 10, 10 தானாக வந்துவிடும்.

மேலே காங்கயம் செம்மண்ணைச் சலித்து, ஃபெவிகால் கலந்த தண்ணீர் பூசித் தூவினோம். கூடாரத்துக்குள்ளேயும் அதே மண்தான். ஆசாரி அண்ணனுக்கு இது ஒப்பவில்லை. சுவருக்கெல்லாம் பொன் சொல்லிவிட்டுத் தரையை மண்ணாக விடுவார்களா என்று கேட்டார். வேதத்தில் பலகைக்கு அளவு உண்டு, மூடுதிரைக்கு அளவு உண்டு, தரைக்கு ஒரு வரி கூட இல்லை. எண்ணாகமம் 5:17இல் ஆசாரியன் வாசஸ்தலத்தின் தரையிலிருக்கும் புழுதியை எடுக்கிறான். ஆக, கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிற பிரதான ஆசாரியனின் கால் பட்டது வனாந்தரத்து மண். தேவன் தம் ஜனத்தோடு அவர்கள் நின்ற தரையிலேயே வந்து தங்கினார் என்பதை இந்தச் செம்மண்ணைத் தூவியபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

மரம்

வேதத்தில் சீத்திம் மரம். அது அகேசியா குடும்பத்து முள்மரம், சீனாய்ப் பகுதியின் வறண்ட ஓடைகளில் வளர்வது. அதே குடும்பத்து மரம் நம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், நிற்கிறது, வெள்வேல். காங்கயம், தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், அதன் காய் உதிர்ந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். மாமா கொறங்காட்டில் காற்றுக்கு விழுந்து நிழலில் நெடுநாள் கிடந்த ஒரு வெள்வேலை அறுத்துக்கொண்டோம்.

அறுக்கும்போது கவனிக்க வேண்டியது: வெளிப்புறத்து வெளிர் மரத்தை எடுக்கக் கூடாது, பூச்சி அரிக்கும். வைரம் பாய்ந்த செம்பழுப்புப் பகுதி மட்டும்தான் ஆகும். அது ரம்பத்தின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். இழை முறுக்கிக்கொண்டு போவதால் இழைப்புளியை ஒரே திசையில் தள்ள முடியாது, சில இடத்தில் எதிர்ப்பக்கமிருந்து இழைக்க வேண்டும்.

கூடாரத்துக்குப் பலகைகள் 48: தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 6, மூலைக்கு 2. ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம். இருபது பலகையின் அகலம் சேர்ந்து முப்பது அங்குலமாக வர வேண்டும். பலகைக்கு அரை மில்லிமீட்டர் கூடினால் கடைசியில் ஒரு சென்டிமீட்டர் இடிக்கும். அதனால் இருபதையும் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரே கட்டாக இழைத்தோம். பிறகு தகட்டின் கனத்தையும் கழிக்க மறக்கக் கூடாது. மூலைப் பலகை இரண்டும் எப்படி நின்றன என்பதை வசனத்தை வைத்து ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்ள முடியும் என்று சொல்ல முடியாது. ஆறு பலகை ஒன்பது அங்குலம். மிச்சம் ஓர் அங்குலத்தை மூலைக்கு அரை அரையாகக் காட்டி, மீதியைப் பக்கச் சுவரின் முனையை மூடும்படி விட்டோம். மேலே ஒரு வளையம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது.

தகடு போர்த்திய பிறகு உள்ளே பிளைவுட்டா வெள்வேலா என்று யாருக்கும் தெரியாது. இதைக் குழுவில் சிலர் சொன்னார்கள், செலவுக் கணக்குப்படி அது நியாயமும்கூட. நான் வெள்வேலுக்காகப் பிடிவாதமாக நின்றேன். மரம் கிறிஸ்துவின் மனுஷத்தன்மை, பொன் அவருடைய தேவத்தன்மை என்று சபையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். யாத்திராகமம் இப்படி விளக்கம் தரவில்லை, சபை கண்டுகொண்ட ஒப்புமை அது. ஆனாலும் அதில் அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பது உண்மையான மரமாக இருக்க வேண்டும். அந்த வனாந்தரத்தில் எது முளைத்ததோ அதைத்தான் கர்த்தர் கேட்டார். லீபனோனின் கேதுரு பின்னால் சாலொமோன் காலத்தில்தான் வருகிறது. முள்ளோடு வளைந்து நெளிந்து நிற்கிற ஒரு மேய்ச்சல் காட்டு மரம் பொன்னுக்கு உள்ளே போய் உட்காருகிறது. அந்த மரத்தை தினமும் பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளிப் பாதங்கள்

ஒவ்வொரு பலகைக்கும் அடியில் இரண்டு கழுந்து (பாதத்தின் துளைக்குள் இறங்கும் முளை), இரண்டு வெள்ளிப் பாதம். 48 பலகைக்கு 96 பாதம், உள்திரையின் நான்கு தூணுக்கு நான்கு, மொத்தம் 100. பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்து வெள்ளி, சுமார் 34 கிலோ. நாங்கள் அலுமினியச் சதுரக் கம்பியில் செய்தோம். முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் வெட்டி, நடுவில் ஆறு மில்லிமீட்டர் துளை. பசை எதுவும் போடவில்லை. பலகையை மேலிருந்து இறக்கினால் உட்கார வேண்டும், தூக்கினால் கழன்று வர வேண்டும். ஐந்து தாழ்ப்பாள்களைப் பக்கவாட்டில் செருகிய பிறகுதான் சுவர் அசையாமல் நிற்கும்.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதை யாத்திராகமம் 38 கணக்கோடு சொல்கிறது. எண்ணப்பட்ட ஆண்கள் 6,03,550 பேர், ஆளுக்கு அரைச்சேக்கல், தன் ஆத்துமாவை மீட்கும் பொருளாக. 3,000 சேக்கல் ஒரு தாலந்து. அப்படியானால் ஒரு பாதம் 6,000 பேருடைய மீட்பின் பணம். நூறு பாதத்துக்கு ஆறு லட்சம் பேர். மிச்சமிருந்த 3,550 பேருடைய பணமாகிய 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிக்கும் பூணுக்கும் போயிற்று. துல்லியமாகக் கணக்கு தீர்கிறது.

இதைப் படித்த பிறகு பாதத்துக்கான செலவை மட்டும் தனியாக வசூல் செய்வது என்று முடிவானது. ஆளுக்குப் பத்து ரூபாய். சபையில் தொழில் செய்கிற பெரியவர் ஒருவர், நல்ல மனதோடுதான், "எதுக்குங்க தம்பி வீடு வீடா கேட்டுக்கிட்டு? மொத்தமா நானே குடுத்தர்றனுங்க" என்றார். ஆயர் யாத்திராகமம் 30:15ஐ எடுத்து வாசித்துக் காட்டினார். ஐசுவரியவான் கூடக் கொடுக்கவும் வேண்டாம், தரித்திரன் குறைத்துக் கொடுக்கவும் வேண்டாம். பெரியவர் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். அவருக்கு அடுத்து அவர் தோட்டத்தில் வேலை செய்கிற அக்கா பத்து ரூபாய் கொடுத்தார். பொன்னால் மூடிய சுவர் முழுவதும் இந்தச் சமமான பணத்தின் மேல் நிற்கிறது. பேதுரு தன் முதல் நிருபத்தில், அழிவுள்ள வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல் கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று எழுதும்போது, அதைக் கேட்ட யூதனுக்கு இந்தப் பாதங்கள் நினைவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தகடும் பெட்டியும்

பொன்னுக்குப் பித்தளை, வெண்கலத்துக்குச் செம்பு என்று வைத்துக்கொண்டோம். திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் மெல்லிய தகடு வாங்கி, தோல் ஒட்டும் ரப்பர் பசையில் ஒட்டினோம். இரண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அமுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் தகடு உப்பிக்கொள்ளும். வெளிமுற்றத்து முளைகளுக்கு மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பி போதும்.

பெட்டிக்கு உள்ளும் புறமும் பொன் என்று யாத்திராகமம் 25:11 சொல்கிறது. கிருபாசனம் என்கிற மூடியைப் போட்டுவிட்டால் உட்புறம் ஒருவர் கண்ணிலும் படாது. ஒன்றரை அங்குல ஆழத்துக்குள் தகடு ஒட்டுவது சிரமமான வேலை. ஐந்து துண்டையும் முதலில் தனித்தனியாகத் தகடு போர்த்தி, பிறகு பெட்டியாகக் கோக்க வேண்டும். ஆசாரி அண்ணன் கேட்டார், "ஏனுங்க தம்பி, மூடிப்போட்டா உள்ள யாருங்க பாக்கப்போறாங்க?" வசனத்தைப் படித்துக் காட்டினேன். அப்புறம் அவர் கேள்வி கேட்கவில்லை. என்னைவிடக் கவனமாக உள்மூலைகளில் தகட்டை மரக்குச்சியால் தேய்த்துப் பதித்தவர் அவர்தான்.

வெளியே இருந்து உள்ளே போகப்போக என்ன நடக்கிறது என்று பாருங்கள். முற்றத்தில் வெண்கலம், அதை ஜனங்கள் எல்லாரும் பார்க்கலாம். கூடாரத்துக்குள் பொன், ஆசாரியர்கள் மட்டும் பார்க்கலாம். திரைக்குப் பின்னால் உள்ளது வருஷத்துக்கு ஒருநாள் ஒரே ஒருவன் பார்க்கலாம். பெட்டியின் உட்புறப் பொன் அவனுக்கும் தெரியாது. மனுஷர் பார்வைக்கென்று வேலை செய்கிற பழக்கம் உள்ள எந்தத் தொழிலாளிக்கும் இந்த வரிசை ஒரு பாடம். எனக்கு அது ஜெபத்தைப் பற்றிய பாடமாகவும் இருந்தது. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா என்று ஆண்டவர் சொன்னது அந்த உட்புறத் தகட்டை ஒட்டும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

கிருபாசனமும் அதன் இரு முனையிலும் நிற்கிற சிறகுள்ள கேருபீன்களும் ஒரே பொன்னில் அடிப்பு வேலையாக இருக்க வேண்டும், தனியாகச் செய்து ஒட்டக் கூடாது. இதற்கு நாங்கள் கண்ட வழி: மூடிக்கான பித்தளைத் தகட்டை இரண்டு முனையிலும் இரண்டிரண்டு அங்குலம் நீளமாக விட்டு, அந்த நீட்சியைச் சிறகு வடிவத்தில் அறுத்துக்கொண்டோம். பிறகு மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் பித்தளை இளகிக் கொடுக்கும். முனைகளை மேல்நோக்கி மடித்து, சிறகுகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து வளையும்படி கொண்டுவந்தோம். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை திரும்பவும் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். முகம் செதுக்கவில்லை. முகங்கள் ஒன்றுக்கொன்று எதிராகவும் கிருபாசனத்தை நோக்கியும் இருந்தன என்பதற்கு மேல் வேதம் அங்கே சொல்லவில்லை.

அந்த மூடியைப் பெட்டியின் மேல் வைத்தபோது ஒன்று தெளிவானது. கீழே கற்பலகைகள், ஜனங்கள் மீறிய பிரமாணம். மேலே இரத்தம் தெளிக்கிற இடம். இரண்டுக்கும் நடுவே இந்தத் தகடு. ரோமர் 3:25இல் பவுல் இயேசுவையே அந்த இடத்தில் நிறுத்துகிறார். யோவான் 20இல் மகதலேனா மரியாள் கல்லறைக்குள் குனிந்து பார்க்கிறாள். இயேசுவின் சரீரம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் தலைமாட்டில் ஒருவனும் கால்மாட்டில் ஒருவனுமாக இரண்டு தூதர்கள். இரண்டு முனையிலும் சிறகை மடித்த கைக்கு அந்தக் காட்சி புதிதாக இல்லை. யோவான் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா என்று வாதாட வரவில்லை. ஆனால் அந்த வசனத்தை இனி இந்தப் பெட்டி இல்லாமல் என்னால் வாசிக்க முடியாது.

குத்துவிளக்குக்கு வேதம் எடை சொல்கிறது, ஒரு தாலந்து; உயரம் சொல்லவில்லை. யூத மரபில் பதினெட்டுக் கைப்பிடி என்பார்கள், அதாவது மூன்று முழம். மூன்று மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகட்டில் வரைந்து, நகை வேலை ரம்பத்தால் ஒரே துண்டாக அறுத்து, வாதுமைப் பூ வடிவங்களை அரத்தால் எடுத்தோம். உருவத்துக்கு ரோமில் உள்ள தீத்துவின் வளைவைப் பார்த்துக்கொண்டோம். கி.பி. 70இல் எருசலேம் விழுந்த பிறகு தேவாலயத்துக் குத்துவிளக்கையும் மேஜையையும் போர்வீரர் சுமந்து போவது அதில் செதுக்கியிருக்கிறது.

துணி

மூடுதிரை அளவுகளில் சின்னம்மா கண்டுபிடித்ததை எழுதாமல் இருக்க முடியாது. உள்திரைகள் பத்து, ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்து ஐந்தாகச் சேர்த்து, நடுவில் ஐம்பது காதும் ஐம்பது பொன் கொக்கியும் வைத்துப் பூட்ட வேண்டும். முகப்பிலிருந்து விரித்தால் முதல் ஐந்து திரை சரியாக 20 அங்குலத்தில் முடிகிறது. அந்தக் கொக்கிகளுக்கு நேர் கீழேதான் உள்திரைச்சீலையைத் தொங்கவிட வேண்டும் என்று 26:33 சொல்கிறது. அடுத்த ஐந்து திரையில் 10 அங்குலம் மகா பரிசுத்த ஸ்தலத்தின் மேல், மீதி 10 பின்சுவரில் இறங்குகிறது. குறுக்கே 28 அங்குலத்தில் கூரைக்கு 10 போக, பக்கத்துக்கு 9. தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நின்றுவிடுகிறது. வெள்ளாட்டு மயிர்த் திரைக்கு 30 முழம், அது தரைவரை வருகிறது. "அளந்து சொன்னவருக்குத் தையல் தெரிஞ்சிருக்குது கண்ணு" என்றார் சின்னம்மா.

உள்திரைக்குச் சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் முறுக்கிய இரட்டை நூலில் நெய்து கொடுத்தார். வெள்ளாட்டு மயிருக்குச் சேலம் கருப்பு ஆட்டின் மயிரை நூற்றுப் பார்க்க ஆசைதான். ரொம்பக் குட்டையாக இருப்பதால் கருப்புக் கம்பளித் துணியை எடுத்துக்கொண்டோம். ஞான இருதயமுள்ள ஸ்திரீகள் அந்த மயிரைத் திரித்தார்கள் என்று 35:26 சொல்வதன் மதிப்பு அப்போது தெரிந்தது. மேலே சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல், மேச்சேரி ஆட்டுத்தோல் என்று ஈரோட்டில் சொல்லிக் கொடுத்தார்கள்; நன்றாக மடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே தகசுத்தோலுக்காகச் சாயமிடாத மங்கல் தோல்.

நாலு மூடியும் போட்ட பிறகு வெளியே நின்று பார்த்தால் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, பழுப்பு நிறத்தில் ஒரு நீளக் கூடாரம், அவ்வளவுதான். பொன்னும் கேருபீன் பூவேலையும் உள்ளே இருக்கின்றன. ஏசாயா 53இல் அவரைப் பார்க்கும்போது விரும்பத்தக்க ரூபம் இல்லை என்று வருகிறதே, ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளை முதலில் இந்த மூடிய நிலையில் பார்க்கவிட்டு, பிறகுதான் திறந்து காட்டுகிறோம்.

மூடிய கூடாரத்துக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. ஜன்னல் இல்லை. குத்துவிளக்குக்குப் பின்னால் மணி அளவு எல்.இ.டி. ஒன்றை வைத்து, முன்திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கச் சொன்னோம். கிழக்கே இருந்து நுழைந்தால் இடக்கையில் தெற்கே விளக்கு, வலக்கையில் வடக்கே சமுகத்தப்ப மேஜை. விளக்கின் வெளிச்சம் நேர் எதிரே இருக்கிற பன்னிரண்டு அப்பங்கள் மேல் விழுகிறது, இருபுறப் பலகையும் அதை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. யோவான் 6இல் ஜீவ அப்பம், 8இல் உலகத்தின் ஒளி என்று ஆண்டவர் தம்மைச் சொன்னதைத் தனித்தனி வசனமாகப் படித்திருக்கிறோம். அங்கே இரண்டும் ஒரே அறையில், ஒன்றை ஒன்று காட்டிக்கொண்டு இருக்கின்றன.

தூபபீடத்துக்கு நிஜத் தூபம் போடலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். யாத்திராகமம் 30இல் செய்முறை இருக்கிறது, சரிபாகமாகக் கலக்க வேண்டிய பொருள்களும் இருக்கின்றன. ஆனால் அதே இடத்தில், முகருவதற்கென்று இதைப்போல் செய்கிறவன் அறுப்புண்டுபோவான் என்றும் இருக்கிறது. நாம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை. இருந்தாலும் ஒருமுறை தேவன் தமக்கென்று ஒதுக்கியதைக் கண்காட்சிக்காகக் கலக்க எனக்கு மனமில்லை. பதிலாகக் கிளுவைக் குச்சி ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். அபிஷேகத் தைலத்துக்கு 500 சேக்கல் வெள்ளைப்போளம் கேட்கப்பட்டதே, அந்தப் பிசினைத் தரும் மரமும் நம் வேலிக் கிளுவையும் ஒரே இனம்.

இல்லாத நாற்காலி

எல்லாப் பணிமுட்டையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு ஒரு சிறுமி கேட்டாள், "ஆசாரியர் எங்கங்க மாமா உக்காருவாரு?" பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். பலிபீடம், தொட்டி, மேஜை, விளக்கு, தூபபீடம், பெட்டி. உட்கார ஒன்றுமே இல்லை. எபிரெயர் 10:11-12 அவளுக்குப் பதில். எந்த ஆசாரியனும் நாள்தோறும் நின்றுகொண்டு ஒரேவிதமான பலிகளைச் செலுத்தி வந்தான். இவரோ ஒரே பலியைச் செலுத்தி தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார். வேலை முடிந்தவர்தான் உட்காருவார் என்று சொன்னேன், அவளுக்கு உடனே புரிந்தது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இளநீலம் என்றால் இது, இரத்தாம்பரம் என்றால் அது, ஐந்து தாழ்ப்பாளுக்கு ஐந்து அர்த்தம், ஆணிக்கு ஓர் அர்த்தம் என்று அட்டவணை போட்டுப் பாடம் நடத்துவதை நாங்கள் தவிர்த்தோம். எபிரெயர் 9ஆம் அதிகாரம் பணிமுட்டுகளை வரிசையாகச் சொல்லி, இவற்றை இப்போது விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நிறுத்திக்கொண்டு, ஆசாரியன் அங்கே என்ன செய்தான், யார் உள்ளே போக முடிந்தது என்பதற்குப் போய்விடுகிறது. அந்த வழியே எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. வேதமே அர்த்தம் சொன்ன இடத்தில் துணிந்து சொல்லலாம். மற்ற இடத்தில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது என்று காட்டினால் போதும். பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்.

திரைச்சீலை

வேதமே அர்த்தம் சொன்னதில் முதன்மையானது இந்தத் திரை. எபிரெயர் 10:20 அதைக் கிறிஸ்துவின் மாம்சம் என்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் அது கிழிவதைக் காட்ட வேண்டும் என்று ஆயர் விரும்பினார். அப்போது கிழிந்தது எருசலேம் தேவாலயத்தின் திரை, வனாந்தரத்துக் கூடாரத்தின் திரை இல்லை. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் நெய்த துணியைக் கிழிக்க முடியாது. தவிட்டு மூட்டையைப் பிரிக்கும்போது சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் சர்ரென்று வருமே, அதே சங்கிலித் தையல்தான் வழி. ஐந்து அங்குல அகலத்தில் இரண்டு பாதியாகத் திரையை நெய்து, ஓரம் மடித்து, நடுவில் குரோஷா ஊசியால் ஒற்றை நூலில் சங்கிலி போட்டுச் சேர்த்தோம். மூட்டை தைக்கும் மெஷின் ஊசி இந்தத் துணிக்குத் தடிமன். முக்கியமான விஷயம் தையலின் திசை. முடித்த முனையிலிருந்துதான் சங்கிலி பிரியும். ஆகவே கீழிருந்து மேலே தைத்து, நூலின் முடிவை மேலே விட வேண்டும். அந்த நூலை மேலிருந்து இழுத்தால் திரை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் திறக்கிறது. கீழே நிற்கிற ஆசாரிய பொம்மையின் கை எட்டாத உயரத்திலிருந்து அது தொடங்குகிறது என்பதைப் பார்ப்பவர்கள் தாங்களே கவனிக்கிறார்கள்.

பிரித்து எடுத்துச் செல்ல

வேறு சபைகளும் கேட்பதால் பிரித்துக் கட்டும் முறையை எண்ணாகமம் 4ஆம் அதிகார வரிசையிலேயே வைத்திருக்கிறோம். முதலில் உள்திரையை இறக்கிப் பெட்டியை மூட வேண்டும், அதன் மேல் தோல், அதற்கு மேல் முழு நீலத் துணி. மற்றப் பணிமுட்டுகளுக்கு வெளிப்பக்கம் தோல்தான் வரும், பெட்டிக்கு மட்டும் நீலம் வெளியே. பெட்டியின் தண்டுகளைக் கழற்ற முயற்சிக்காதீர்கள். அவை வளையத்திலேயே இருக்க வேண்டும் என்பது கட்டளை, நாங்களும் உள்ளே ஊசி வைத்து நிறுத்திவிட்டோம். பலகையையும் பாதத்தையும் கொண்டுபோக லேவியரில் மெராரி புத்திரருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு கொடுக்கப்பட்டது. பெட்டியையும் மற்றப் பணிமுட்டுகளையும் சுமக்கிற கோகாத் புத்திரருக்கு வண்டி இல்லை, தோளில்தான் சுமக்க வேண்டும். அதனால் மற்றதெல்லாம் குட்டியானையில் போனாலும் பெட்டியை ஒருவர் மடியிலோ கையிலோ வைத்துக்கொண்டு வருகிறோம்.

பித்தளை மழைக்காலத்தில் கறுக்கும். புளித் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். விளிம்பில் ஈரம் நின்றால் பசை விடும்.

அடுத்து பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம். ஒரு சாண் சதுரம், இரட்டையாக மடித்தது. நம் அளவில் அது அரை அங்குலம்தான் வரும், பன்னிரண்டு கல் பதிக்க முடியாது. அதனால் அதை மட்டும் முழு அளவில் செய்வதாக முடிவு. பழங்காலத்தில் பெரில் கல் எடுத்த படியூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். கல் பட்டை தீட்டுகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சின்னம்மா நூல் வாங்கிவிட்டார். பன்னிரண்டு கோத்திரத்தின் பெயரைத் தமிழில் வெட்டுவதா எபிரெய எழுத்திலா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் விரல் வைத்து வாசிக்க வேண்டும், அதனால் தமிழே என்பது என் பக்கம்.